நுவரெலியாவும் வேண்டாம், எல்லவும் வேண்டாம்: படம் பிடிக்க ஒரு மலை சொல்லுங்கள்

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)

வணக்கம். பெப்ரவரியில் நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. கமராவைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கம் போகலாம் என்று நானும் கூட்டாளி ஒருவனும் முடிவெடுத்திருக்கிறோம். எங்களுக்குப் பழகியதெல்லாம் தண்ணீரும் வெளியும்தான். கல்லடிப் பாலத்தில் சூரியன் உதிப்பதை எடுத்து எடுத்து, பாலத்தின் ஒவ்வொரு ஆணியும் பாடமாகிவிட்டது.

எல்லவுக்குப் போன வருடம் போனேன். ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வந்த நேரம் நான் எடுத்த படத்தில் ரயிலை விடக் கைகள்தான் அதிகம். கை ஒவ்வொன்றிலும் ஒரு போன். அந்தப் பக்கம் இனி இல்லை.

ஆட்கள் குறைவான மலை வேண்டும். இங்கிருந்து வெளிக்கிட்டால் அன்றைக்கே போய்ச் சேரவும் வேண்டும். என்னிடம் இருப்பது பழைய நிக்கோன் டி7200, 18-140 லென்ஸ், ஒரு கால் ஆடுகிற ட்ரைபொட். உச்சி ஏறிக் கொடி நாட்டும் ஆசை இல்லை, படம்தான் வேண்டும்.

கச்சான்காற்று (வாழைச்சேனை)

தம்பி, மலை பார்க்க மஹியங்கனை தாண்டத்தான் வேணுமா? கிரானுக்கு மேற்கே குடும்பிமலை இருக்கிறது. ஆங்கிலேயன் அதைப் பார்த்துப் பிரபுவின் தொப்பி என்றான், சிங்களத்தில் தொப்பிகல. நம்மட ஆட்கள் கண்டது குடும்பி. நீங்கள் லென்ஸுக்குள்ளால் பார்த்துவிட்டு யார் சொன்னது சரி என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம்மட பக்கத்து மலைகள் எல்லாமே கடற்கரைக்கு மேற்கே. காலை வெயில் நமது முதுகுக்குப் பின்னால் இருந்து வந்து மலையின் முகத்தில் நேராக விழும். பின்னேரம் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது கறுத்த உருவம் மட்டும் மிஞ்சும். பெப்ரவரியில் பெரும்போக வயல் பழுத்து மஞ்சளாகும். முன்னால் மஞ்சள் வயல், பின்னால் மலை, இடையில் எருமைக் கூட்டம். இதற்கு மேல் என்ன வேணும்?

ஆனால் மாரியில் போகவேண்டாம். கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அக்கரை ஊர்க்காரர் தோணியில்தான் வருவார்கள். நான் 78 சூறாவளிக்கு முந்திய ஆள், அந்தப் பக்கம் மூன்று காலமும் பார்த்தவன். யுத்த காலத்தில் கமராவோடு மலையைப் பார்த்து நின்றால், இவன் அழகு பார்க்கிறான் என்று எந்தப் பக்கத்தாரும் நம்பமாட்டார்கள். இப்போது போகலாம். ஆனாலும் முகாம், வீதித்தடை கண்டால் கமராவை மடியில் இறக்கி வையுங்கள்.

பொத்துவில்_ரோட் (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும். அம்பாறைக்காரன் சார்பில் நானும் ஒன்று போடுகிறேன். அம்பாறையில் இருந்து சியம்பலாண்டுவ போகும் ஏ25 வீதியில் போனால் கோவிந்தஹெல தெரியும். வெள்ளைக்காரன் அதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயர் வைத்தான். 550 மீற்றருக்குக் கொஞ்சம் மேலேதான். சமவெளியில் தனியாக எழும்பி நிற்பதால் ஆயிரம் மீற்றர் மலை போலத் தோற்றும்.

நாங்கள் ஐந்து பேர் ஏறினோம். ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான், யானைக்காடு. பகல் 11 மணிக்கு உச்சியில் நின்று எடுத்த 200 படத்திலும் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாம் வெளுத்துப்போன பச்சை. அதே நாள் பின்னேரம் அடிவாரத்தில் வயல் வரம்பில் நின்று, சும்மா, எடுத்த ஒன்றுதான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மலை மேலே நின்றால் மலை படத்தில் வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நேரம் இருந்தால் இங்கினியாகலைக்கும் போங்கள். சேனநாயக்க சமுத்திரத்தில் படகு எடுத்தால் நீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள், பின்னால் மலைத்தொடர். அதிர்ஷ்டம் இருந்தால் தீவுக்குத் தீவு நீந்தும் யானையும் வரும்.

பழைய_முக்காலி (மட்டக்களப்பு, இப்போது கண்டி)

இரண்டும் நல்ல இடங்கள், ஆனால் இரண்டுமே ஒரு காலை ஒரு மாலைக்கான இடங்கள். நாலு நாளுக்கு நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் போங்கள். சிங்களத்தில் தும்பர. மடக்கிய கையின் முட்டி போல உச்சிகள் தெரிவதால் நக்கிள்ஸ். ஆகக்கூடிய உயரம் கொம்பனிய, 1,906 மீற்றர். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து 2010ல் உலக மரபுரிமையாக அறிவித்தார்கள். இருந்தும் நுவரெலியாவுக்குப் போகிற கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே வருவதில்லை.

மட்டக்களப்பாருக்கு இது எட்டாத தூரம் என்று நினைக்காதீர்கள். செங்கலடியில் ஏ5 வீதியைப் பிடியுங்கள். மஹாஓயா, பதியதலாவ, அங்கிருந்து ஏ26 வழியே மஹியங்கனை, ஹசலக. பிறகு பதினெட்டு வளைவு ஏறி உடுதும்பர, ஹுன்னஸ்கிரிய. ஹுன்னஸ்கிரியவில் வலது பக்கம் திரும்பினால் லூல்வத்த, கோர்பெட்ஸ் கெப் கணவாய், கீழே இறங்கினால் மீமுரே கிராமம். கடைசித் துண்டு பாதை ஒடுக்கம். தாழ்ந்த காரைக் கொண்டுபோய்ப் பழுதாக்காதீர்கள்.

மாத்தளைப் பக்கத்தால் போனால் வேறு முகம்: ரத்தோட்ட, ரிவஸ்டன், பிட்டவல பத்தன. அங்கே காற்றுக்குக் குள்ளமான காடும் புல்வெளியும். மீமுரேயில் படிப்படியாக இறங்கும் வயல், மிளகு, ஏலம், கித்துள், தலைக்கு மேலே கூராக லக்கேகல. இராவணன் தன் பறக்கும் மயிலை அந்த உச்சியில் இருந்துதான் பறக்கவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

வாவிக்கரையான்

அண்ணன், மிச்சம் நன்றி. நக்கிள்ஸ் என்று முடிவாகிவிட்டது. குடும்பிமலை நமது வீட்டு மலைதானே, எப்போதும் போகலாம். (கச்சான்காற்று ஐயா கோபிக்கக்கூடாது.)

திட்டம் இப்படி. முதல் நாள் பதினெட்டு வளைவு, கோர்பெட்ஸ் கெப், மீமுரே. இரண்டாம் நாள் மீமுரே காலை, பின்னேரம் ரிவஸ்டன். மூன்றாம் நாள் பிட்டவல பத்தன, சேர எல்ல, பம்பரகிரி எல்ல நீர்வீழ்ச்சிகள். நாலாம் நாள் கண்டி வழியாக வீடு. சரிவருமா?

பழைய_முக்காலி

சரிவராது.

தப்பாக நினைக்கவேண்டாம், நானும் இப்படித்தான் திரிந்தேன். ஆறு வருடம் ஓடி ஓடி எடுத்ததில் பாதிப் படம் வான் யன்னலால் எடுத்தது. மலைநாட்டில் பகலில் உங்களுக்கு வேலை இல்லை. நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறோம், சூரியன் சரிந்து ஏறுவதில்லை, நேராக ஏறும். பெப்ரவரியில் காலை எட்டரைக்கே நிழல் குறுகி வெளிச்சம் தட்டையாகிவிடும். ஏப்ரல் முற்பாதியில் என்றால் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும், கேட்கவே வேண்டாம். ஆக ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது காலையில் ஒன்றரை மணித்தியாலம், மாலையில் ஒன்றரை. நாலு நாளுக்கு இருப்பதே ஏழெட்டுத் துண்டு நேரம். அதில் மூன்றை வீதியில் கொட்டப்போகிறீர்கள்.

இன்னொன்று. போனில் இருக்கும் செயலி உதயம் 6.20 சொச்சம் என்று காட்டும். அது கடல் மட்டத்தில் தடையில்லாமல் நின்றால். கல்லடிக் கடற்கரையில் சரி. பள்ளத்தாக்கில் சூரியன் மலை முதுகைத் தாண்டி வர ஒரு மணித்தியாலம்கூடப் பிந்தலாம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த வயலில் முதல் வெயில் விழுகிறது என்பதை முதல் நாள் பார்த்து வைத்தால்தான் இரண்டாம் நாள் அங்கே போய்க் காத்திருக்கலாம். மூன்று இரவும் மீமுரேயிலேயே தங்குங்கள்.

மூடுபனிக்கும் இதுதான் வழி. பின்னேரம் ஒரு மழை பெய்து, இரவில் வானம் வெளித்து, காற்றும் அடங்கினால், நிலம் சூட்டை இழந்து பள்ளத்தாக்கில் விடியப் பனி கட்டும். மூன்றும் ஒன்றாகச் சேர்வது எல்லா நாளும் நடக்காது. ஒரே இரவு தங்குபவனுக்கு ஒரே சீட்டு.

சிவப்புச்சட்டை (களுவாஞ்சிகுடி)

இவ்வளவு யோசனை எதற்கு? ட்ரோன் ஒன்று கொண்டு போனால் பத்து நிமிடத்தில் முழுப் பள்ளத்தாக்கும் எடுக்கலாம். என்னிடம் இருக்கிறது, வாடகைக்குத் தரலாம்.

பழைய_முக்காலி

ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. பதிவும் அனுமதியும் இல்லாமல், அதுவும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு மேலே பறக்கவிட்டால் பிடிபடுவது நீங்கள் இல்லை தம்பி, வாடகைக்கு எடுத்தவர்தான். காட்டு நடைபாதைகளுக்கும் வனத் திணைக்களத்தின் சீட்டு வேண்டும். ஊர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள், பனி மூடினால் பத்தடி தெரியாது.

சிவப்புச்சட்டை

சும்மா பயம் காட்டாதீர்கள். எல்லோரும்தான் விடுகிறார்கள்.

கச்சான்காற்று

எல்லோரும் விடுகிறபடியால்தான் தம்பி, போன முறை நான் ஒரு குளத்தங்கட்டில் கொக்குக் கூட்டத்துக்காக ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தேன், ஒரு ட்ரோன் வந்தது, கொக்கெல்லாம் ஒரே நேரம் எழும்பிப் போய்விட்டது. கொக்கும் இல்லை, படமும் இல்லை. யாருடையது என்று தெரிந்திருந்தால் இந்த இழையிலேயே எழுதியிருப்பேன்.

நூரா_குடும்பத்தோடு (காத்தான்குடி)

மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் குடும்பமாக மீமுரே போனோம், மகன்மார் இரண்டு பேரும் கூட. ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன்: அட்டை. முட்டுக்கால் வரை ஏறியது எனக்கு வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் தெரியும். அட்டைக் காலுறை வாங்குங்கள், இல்லாவிட்டால் சவர்க்காரத்தை நனைத்துக் காலில் தடவிக் காயவிடுங்கள். கடித்த பிறகு பிடுங்கி எறியாதீர்கள், உப்பு அல்லது தேசிக்காய் வைத்தால் தானாக விழும். ட்ரைபொட்டைப் புல்லில் வைத்துவிட்டுக் குனிந்து நிற்கிற உங்களைப் போல ஆட்கள்தான் அதற்கு விருந்து.

மற்றது, சாப்பாடு. தங்கிற வீட்டில் முதலே சொன்னால் மரக்கறி மட்டும் சமைத்துத் தருவார்கள், எங்களுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. பலாக்காய்க் கறி மறக்கமுடியாது. சிக்னலை நம்பிப் போகவேண்டாம், வீட்டாருக்கு ஹுன்னஸ்கிரியவிலேயே பேசிவிடுங்கள்.

ஒரு கேள்வி. என்னிடம் கமரா இல்லை, போன்தான். போனில் மலை எடுத்தால் ஏன் இவ்வளவு சின்னதாக வருகிறது? கண்ணுக்கு முன்னால் மலை வானத்தை மறைத்து நிற்கிறது, படத்தில் பார்த்தால் எறும்புப் புற்று.

பழைய_முக்காலி

ராத்தா, போனின் சாதாரண லென்ஸே அகலமானது. எல்லாவற்றையும் உள்ளே எடுக்கும், தூரத்தில் உள்ளதைச் சின்னதாக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று தனி லென்ஸ் இருந்தால் அதைப் பாவியுங்கள், விரலால் விரித்துப் பெரிதாக்கவேண்டாம். முன்னால் அளவு தெரிகிற ஒன்றை வையுங்கள், ஒரு வீடு, ஒரு மாடு, ஒரு ஆள். அப்போதுதான் மலையின் உயரம் தெரியும். எடுக்க முன் போன் லென்ஸை முந்தானையால் ஒரு தரம் துடையுங்கள், பாதிப் புகை அதிலேயே போய்விடும்.

வாவிக்கரையானுக்கும் இதே கதைதான். லென்ஸை அகலமான 18 மில்லிமீற்றரில் வைத்துத் தொடங்காதீர்கள். மலை அடுக்கடுக்காக நீலமாகத் தெரிவதை எடுக்க 100க்கு மேலே போங்கள். லென்ஸின் துளை எஃப் 8 அல்லது 11, அதற்கு மேல் மூடினால் கூர்மை குறையும். பனியை எடுக்கும்போது கமரா அதை வெளிச்சம் என்று நினைத்து இருட்டாக்கும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள். போலரைசர் (மினுக்கத்தை வெட்டும் வடிகண்ணாடி) இருந்தால் வானத்துக்கு இல்லை, ஈர இலைக்குப் போடுங்கள். இலையில் மினுங்கும் வெள்ளை போய் உண்மையான பச்சை வரும்.

பொத்துவில்_ரோட்

ஏசி வானுக்குள் கமராவைத் திறந்து வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கின உடனே லென்ஸ் வேர்க்கும். பையை மூடி, இறங்கி, இருபது நிமிடம் விட்டுத்தான் திறக்கவேண்டும். நம்மட வாவிக்கரை ஈரத்துக்கு வீட்டிலும் கவனம். எனது பழைய லென்ஸுக்குள் பங்கஸ் பிடித்து சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்தால் 30,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

வாவிக்கரையான்

எல்லாம் எழுதிக்கொண்டேன். மூன்று இரவும் மீமுரே. போய் வந்து சொல்கிறேன்.

வாவிக்கரையான் (மூன்று கிழமைக்குப் பிறகு)

வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டோம். பதியதலாவயில் தேத்தண்ணி. மஹியங்கனையில் வெயில் கொளுத்த, கூட்டாளி ஏசியை முழுதாகத் திருப்பினான். கமரா என் மடியில், திறந்தபடி. பொத்துவில்_ரோட் சொன்னது அப்போது ஞாபகத்தில் இல்லை. பதினெட்டு வளைவின் மேல் திருப்பத்தில் இறங்கினால், கீழே மஹியங்கனைச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கிறது, எனது லென்ஸுக்குள் பால் ஊற்றியது போல வெள்ளை. துடைக்கத் துடைக்க மறுகா வேர்க்கும். அந்தக் காட்சி கண்ணோடு மட்டும் சரி.

கோர்பெட்ஸ் கெப்பில் காற்று என்றால் நம்மட ஊர்க் கச்சான் காற்று எல்லாம் பிச்சை வாங்கவேண்டும். ட்ரைபொட் நிற்கட்டும் என்று நடுவில் பையைத் தொங்கவிட்டேன். பை ஊஞ்சலாட, ட்ரைபொட்டும் சேர்ந்து ஆடியது. ஆடுகிற காலும் அங்கேயே கழன்றது. ஒடுங்கிய பாதைக்கு நாங்கள் பிடித்த ஜீப்பை ஓட்டிய தம்பி பழைய சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றிக் கட்டித் தந்தான். இன்னும் அந்தக் கட்டுத்தான் இருக்கிறது, அசையாது.

முதலில் பதிவு செய்திருந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. படத்தில் காட்டிய அறை வேறு, தந்த அறை வேறு, விலையும் வேறு. ஒரு மணித்தியாலம் வாதாடிவிட்டு ஊருக்குள் நடந்து, ஒரு அம்மாவின் வீட்டில் கேட்டோம். முன் விறாந்தையில் இரண்டு கட்டில், எதிரே வயல், வயலுக்கு மேலே லக்கேகல. நாங்கள் மட்டக்களப்பில் இருந்து கொண்டுபோன எருமைத் தயிர்ச் சட்டியை அவரிடம் கொடுத்தோம். அவர் கித்துள் பாணி கொண்டுவந்து ஊற்றினார். எனது சிங்களமும் அவரது தமிழும் அந்தச் சட்டி முடிவதற்குள் ஓரளவு பழகிவிட்டன.

முதல் காலை, தூறல். மலையே இல்லை, சாம்பல் நிறச் சுவர். இரண்டாம் காலை, ஒரு முகில் இல்லாத நீல வானம். ஊர்க்காரருக்கு நல்ல நாள், எனக்குக் கெட்ட நாள். நாட்காட்டிப் படம் போல வந்தது. ஆனால் அண்ணன் சொன்னபடி குறித்து வைத்தேன்: செயலி 6.22 என்றது, முதல் வெயில் மேல் வயலில் விழுந்தது 7.18. கீழ் வயலுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம். பகல் முழுவதும் கூட்டாளி நித்திரை. நான் விறாந்தையில் மிளகு உதிர்த்தேன். கூலி தேத்தண்ணி.

அன்று பின்னேரம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. இரவு ஏழரைக்கு வானத்தில் நட்சத்திரம். அம்மா முற்றத்தில் நின்று மேலே பார்த்துவிட்டு, ‘ஹெட்ட மீதும’ என்றார். நாளைக்குப் பனி. எந்தச் செயலியும் அதைச் சொல்லவில்லை.

நாலு மணிக்கே எழும்பினேன். தென்கிழக்கில் பால்வெளி ஏறி நின்றது, அதை மூன்று படம். ஐந்தரைக்குப் பிறகு வயலில் இருந்து பனி எழும்பத் தொடங்கியது. முதலில் வரம்பு போனது, பிறகு கமுகு, பிறகு வீடு. லக்கேகலயின் நுனி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. 7.15க்கு நான் முதல் நாள் குறித்த இடத்தில் நின்றேன், 95 மில்லிமீற்றர், எஃப் 8, ஒரு படி கூட்டி. வெயில் மேல் வயலில் விழுந்ததும் பனி மஞ்சளாகி, அதற்குள்ளால் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வரம்பில் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு நாய். பதினொரு நிமிடம். பிறகு எல்லாம் கரைந்து சாதாரணக் காலை ஆகிவிட்டது.

நாலு நாளில் 640 படம். வைத்திருக்கப்போவது ஏழு. அதில் ஆறு அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் எடுத்தவை.

சிவப்புச்சட்டை

ஏழாவது என்ன?

வாவிக்கரையான்

அம்மா தயிர்ச் சட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது.

நூரா_குடும்பத்தோடு

அட்டை?

வாவிக்கரையான்

பதினான்கு, ராத்தா. சவர்க்காரம் எனக்கு வேலை செய்தது. கூட்டாளி கேலி பண்ணிக்கொண்டு பூசாமல் வந்தான், பதின்மூன்று அவனுக்கு.

பழைய_முக்காலி

அந்த நடந்து வந்தவருடைய படத்தை அச்சடித்து அம்மாவின் விலாசத்துக்கு அனுப்புங்கள். அவருக்கு யார் என்று தெரிந்திருக்கும்.

வாவிக்கரையான்

தெரியும் அண்ணன், அவருடைய தம்பிதான். இரண்டு பிரதி அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

கச்சான்காற்று

எல்லாம் சரி தம்பி. நம்மட வயல் அறுவடைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, வெட்டினால் மஞ்சள் போய்விடும். இப்போது பாலத்தில் தண்ணீரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய நாலரைக்குக் கிரான் சந்தியில் நிற்பேன். ட்ரைபொட்டை அந்த டியூப் கட்டோடேயே கொண்டு வாருங்கள், பார்க்கவேண்டும்.

வாவிக்கரையான்

வருகிறேன் ஐயா. கூட்டாளியும் வருவான். அங்கே அட்டை இல்லையே?

கச்சான்காற்று

அட்டை இல்லை. யானை இருக்கும்.